உ ஃபோல்டரில் போட்ட கல்யாணம்

என் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். ல, ள, ழ எது எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். லைட் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தவன். கல்யாண வீட்டில் எல்லாரும் லைட் வெளிச்சத்தில் இருப்பவர்களைத்தான் பார்ப்பார்கள். லைட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவனை யாரும் பார்க்கமாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அதில் ஒட்டிக்கொண்டேன். எடிட்டிங் பழகினேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, சின்னச் சின்ன புரோகிராம் எழுதவும் பழகினேன். புரோகிராமில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகள் கொஞ்சம் தெரியும். அதைத் தாண்டினால் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புதான் எனக்குத் துணை.

நான் எழுதிய புரோகிராம்களில் ஒன்று, கேமரா கார்டில் இருக்கும் கல்யாணத்தை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யும். பிறகு கார்டில் எத்தனை ஃபைல், டிஸ்க்கில் எத்தனை ஃபைல் என்று ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் 'சரி' என்று பச்சை எழுத்தில் காட்டும். பச்சை எழுத்தைப் பார்த்த பிறகு நான் கார்டை அழிப்பேன். முகூர்த்த மாதத்தில் கார்டுக்கு ஓய்வே கிடையாது. இன்று ஒரு கல்யாணம் எடுத்த கார்டு, விடிந்தால் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். டிஸ்க்கில் இருப்பதற்கு இரண்டாவது காப்பி, வேலை குறைந்த பிறகு எடுப்போம்.

வைகாசியில் பழைய டிஸ்க் நிறைந்துவிட்டது. புதிதாகப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கினோம். முதலாளியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். கடையில் புதிதாக எது வந்தாலும் மதினி சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடவிடமாட்டார். டிஸ்க்குக்கும் பொட்டு வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ள மொதல்ல என்ன எழுதுவீங்க தம்பி?"

"வீடியோன்னு ஒரு பேரு வைப்பேன் மதினி."

"நோட்டு வாங்குனாக்கூட மொதல்ல பிள்ளையார் சுழி போடுறோம். இம்புட்டுப் பெரிய டிஸ்க்குக்கு ஒரு சுழி போட மாட்டீங்களா? உ-ன்னு போடுங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் வைங்க."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. புதிய டிஸ்க்குக்கு 'உ' என்றே பெயர் வைத்து, இனிமேல் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ப் போடு என்று புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன்.

அந்த டிஸ்க்கில் முதலில் போட்டது திருவாதவூரில் எடுத்த கல்யாணம். பெண் வேறு யாரும் இல்லை, மதினியின் அண்ணன் மகள். முதல் நாள் நிச்சயத்திலிருந்து மறுநாள் பந்தி வரை எடுத்தோம். ராத்திரி வந்து கார்டுகளைச் செருகினேன். பச்சை எழுத்து வந்தது. கார்டுகளை அழித்தேன். காலையில் கேமராக்காரர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு மேலூர்ப் பக்கம் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "ஏப்பா, மச்சான் பேசுறாரு. தாலி கட்டுற கிளிப்பை மட்டும் அனுப்பணுமாம். ஸ்டேட்டஸ்ல வைக்கப் போறாராம்."

"இந்தா அனுப்புறேன்ணே" என்று சொல்லிவிட்டு உ-வைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

மூடிவிட்டுத் திறந்தேன். டிஸ்க்கின் வயரைப் பிடித்துப் பார்த்தேன். டிஸ்க் வேலை செய்தது, ஆனால் வெறுமையாக இருந்தது. ராத்திரி அழித்த கார்டுகளில் இந்நேரம் மேலூர்க் கல்யாணம் பதிவாகிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்தது. முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஸ்டமரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவரிடம் சொல்ல வேண்டும். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டேன். அவரே திரும்ப வந்து, "அனுப்பிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தேன்.

"அண்ணே, கல்யாணம் இல்லண்ணே."

"எந்தக் கல்யாணம்?"

"நம்ம கல்யாணம்."

அவர் கோபக்காரர் இல்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் பொண்டாட்டி மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எல்லாரும் சொல்வதைச் சொன்னார். "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எல்லாம் வந்துரும்."

என் விரல் அந்தப் பட்டனுக்குப் போய்விட்டது. அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அறிவிப்பு கண்ணில் பட்டது. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் டிஸ்க்கில் இடம் குறைவாக இருக்கிறது என்று சொன்னது. அந்த டிஸ்க்கில் நாங்கள் எதையுமே வைப்பதில்லை. பெரிதாக ஏதோ ஒன்று அங்கே போய் விழுந்திருக்கிறது. எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் குப்பையைக் கூட்டித் தள்ளுவதற்கு நானே எப்போதோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். எதையெல்லாம் கூட்டும் என்று இப்போது எனக்கே நினைவில்லை. விழுந்தது எங்கே என்று தெரியாமல் அந்தத் துடைப்பத்தை ஓடவிடலாமா?

"வேணாண்ணே. ஆஃப் பண்ண வேணாம்" என்றேன். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"ஏன்?"

"தெரியலண்ணே. பயமா இருக்கு."

அவர் பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்கு இந்த ஏரியாவுல மாதாந்திர மின்தடைப்பா. காலையில எடுத்தா சாயங்காலம்தான் கரண்டு. அப்ப தானா ஆஃப் ஆயிருமே" என்றார்.

எங்கள் யுபிஎஸ் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. முதலாளி ஜெனரேட்டருக்கு நாலைந்து இடத்தில் போன் போட்டார். முகூர்த்தம் என்பதால் எல்லாம் மண்டபங்களுக்குப் போயிருந்தன. விடிந்து கரண்டு போவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

என் முதல் சந்தேகம் தமிழ் எழுத்தின் மேல். முன்பெல்லாம் தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகக் காட்டும், சில ஃபைல் திறக்கவே திறக்காது. அதனால் ஒரு சின்னப் படத்தை எடுத்து, புரோகிராமைச் சோதித்துப் பார்த்தேன். 'மதுரை' என்று ஒரு ஃபோல்டருக்கு அனுப்பினேன். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அப்படியென்றால் தமிழ் காரணம் இல்லை. 'உ'-வுக்கு அனுப்பினேன். பச்சை எழுத்து வந்தது, படம் வந்து சேரவில்லை. 'உப்பு' என்று அனுப்பினேன். போனது. 'க' என்று அனுப்பினேன். காணவில்லை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றை மட்டும் வைத்து அனுப்பினேன். அதுவும் காணவில்லை. ஒற்றை எழுத்தாக இருந்தால் விழுங்குகிறது. ஏன் என்று தெரியவில்லை. நான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தேன். அதில் தப்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதமாட்டார்கள். வேறு யாரோ எழுதி இலவசமாக வைத்திருப்பதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். அதை லைப்ரரி என்பார்கள். ஒரு ஃபைல் எங்கே போக வேண்டும் என்ற முகவரியைச் சீர் செய்து கொடுப்பதற்கு நான் அப்படி ஒரு லைப்ரரியை வைத்திருந்தேன். அதை எழுதியவர்கள் எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. குறை சொல்வதற்கென்று அவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதை நான் பல தடவை திறந்து வாசித்திருக்கிறேன். ஒரு தடவைகூட எழுதியதில்லை. அங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் எழுதி, இது உன் தப்பு என்று நாலு பேர் பார்க்கச் சொல்லிவிட்டால்?

முதலாளியிடம் இதைச் சொன்னேன். "அவங்க ஒன்னைய நேர்லயா பாக்கப் போறாங்க?" என்றார். "எழுது. நான் பக்கத்துல இருக்கேன்."

தமிழில் எழுதி, போனில் இங்கிலீஷாக மாற்றினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எந்தப் பெயருக்குப் படம் போனது, எந்தப் பெயருக்குப் போகவில்லை என்று எழுதினேன். ஒரு கல்யாணம் காணாமல் போய்விட்டது, நாளைக் காலையில் கரண்டு போய்விடும் என்றும் சேர்த்தேன். அனுப்பும் பட்டனை நான் அழுத்தவில்லை. முதலாளிதான் அழுத்தினார்.

ராத்திரி கடையிலேயே படுத்துக்கொண்டோம். விடிகிற நேரத்தில் போன் சத்தம் கேட்டது. அந்த லைப்ரரியை எழுதியவர்களில் ஒருவரிடமிருந்து பதில் வந்திருந்தது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திறக்காமலே இருந்தேன். திறந்தால் திட்டு எதுவும் இல்லை. நன்றி என்றுதான் தொடங்கியிருந்தது. லைப்ரரி கொடுக்கும் முகவரியை அப்படியே திரையில் காட்டச் சொல்லி, அதில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி இருக்கிறதா பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

பார்த்தேன். நான் கொடுத்த உ-வுக்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு உண்டு. அந்தக் கோட்டைக் காணவில்லை. உ-வுக்குப் பின்னால், நான் வைக்காத இரண்டு புள்ளி உட்கார்ந்திருந்தது.

அவர் விளக்கம் சொன்னார். போனில் மாற்றி வாசித்து, முதலாளிக்கு எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். முன்னால் கோடு இருந்தால், மாவட்டம், ஊர், தெரு என்று மேலேயிருந்து தொடங்குகிற முகவரி. எங்கே நின்று கேட்டாலும் ஒரே இடத்துக்குப் போகும். கோடு இல்லாவிட்டால், இங்கேயிருந்து ரெண்டாவது சந்து என்று வழி சொல்கிற மாதிரி. நாம் எங்கே நிற்கிறோமோ அங்கேயிருந்துதான் போகும். வேறு வகைக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க்குக்கு ஒற்றை இங்கிலீஷ் எழுத்தும் இரண்டு புள்ளியும்தான் பெயர். இந்த லைப்ரரி, ஒற்றை எழுத்து எதைப் பார்த்தாலும் அந்த மாதிரி டிஸ்க் என்று நினைத்து, கோட்டை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்துவிடுகிறது. உலகத்தில் எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் அதே கதைதான்.

"அப்ப நம்ம கல்யாணம் எங்க போச்சு?" என்றார் முதலாளி.

"புரோகிராம் எங்க நின்னுச்சோ அங்க கிடக்குமாம்ணே."

என் புரோகிராம் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். மதினி தெரியாமல் எதையும் அழித்துவிடக் கூடாது என்று கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு ஃபோல்டர் செய்து வைத்திருந்தேன். புரோகிராம் நின்று வேலை செய்வதும், நடுவில் சேரும் குப்பையைப் போடுவதும் அங்கேதான். மறைந்திருப்பதால் நேற்றுத் தேடியபோது கண்ணில் படவில்லை. ஆன் ஆகும்போதெல்லாம் துடைப்பம் ஓடுவதும் அங்கேதான். திறந்தேன். உ, இரண்டு புள்ளி. அதற்குள் திருவாதவூர் முழுவதும் இருந்தது. புரோகிராம் எண்ணிப் பார்த்ததும் இங்கேயேதான், அதனால்தான் பச்சை வந்திருக்கிறது.

முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நேத்து நான் சொன்னேன்னு ஆஃப் பண்ணியிருந்தா?" என்று கேட்டார்.

முதல் வேலையாகத் துடைப்பம் ஓட்டுகிற வரியை எடுத்துவிட்டேன். பிறகு புரோகிராம் இல்லாமல் கையாலேயே புதிய டிஸ்க்குக்குக் காப்பியை ஓடவிட்டேன், தாலி கட்டும் நேரத்தை முதலில் வைத்து. பழைய மெஷின், நகர்வது தெரியாத மாதிரி போனது. நலங்கு போய்க்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. யுபிஎஸ் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது.

இப்போது நானாகவே ஆஃப் செய்ய வேண்டும். பேட்டரி சாகும்வரை விட்டால் டிஸ்க்கே அடிபடலாம். துடைப்பத்தை எடுத்துவிட்டேன்தான். ஆனால் அதை எழுதி வருஷக்கணக்காகிறது. அந்த ஒரு இடத்தில்தான் எழுதினேனா, வேறு எங்காவது போட்டு வைத்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நேற்று வேண்டாம் என்று தடுத்த அதே பட்டனை இன்று என் கையால் அழுத்தினேன். மின்விசிறியின் சத்தம் அடங்கியது.

அப்புறம்தான் பெண்ணின் அப்பா வந்தார். கிளிப் வரவில்லை என்று காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு பையில் கல்யாண வீட்டு அதிரசம்.

"என்ன மாப்ள, கல்யாணம் முடிஞ்சதும் எங்கள மறந்துட்டீக?" என்று முதலாளியைக் கேட்டார்.

"கரண்டு இல்ல மச்சான். வந்ததும் காட்டுறேன்."

"வரட்டும், இருக்கேன். அங்க போயி என்ன பண்ணப் போறேன், பொண்ணே போயிருச்சு."

காப்பி ஆன தாலி கட்டும் காட்சி புதிய டிஸ்க்கில் இருந்தது. ஆனால் கரண்டு வந்தால்தான் அதையும் எடுக்க முடியும். முதலாளி அவரிடம் மழை, நெல் விலை என்று பேசிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பேச்சுக்கு நடுவிலும் அவர் கண் என்மேல் வந்து போனது. நான் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் வைக்க முடியவில்லை. பாதிதான் கிடைத்தது என்றால் இந்த மனிதர் முகத்தைப் பார்த்து யார் சொல்வது?

போனில் அந்த லைப்ரரிக்காரர் கேட்டிருந்தார், கிடைத்ததா என்று. மாலையில்தான் தெரியும் என்று எழுதினேன். இன்னொன்றும் கேட்டிருந்தார். யாரும் ஒரே எழுத்தில் ஃபோல்டர் வைத்து அவர் பார்த்ததில்லையாம், அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அர்த்தம் ஒன்றும் இல்லை, எதை எழுதத் தொடங்கினாலும் தடங்கல் வரக் கூடாது என்று பிள்ளையாரை நினைத்து முதலில் இதைப் போடுவோம் என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. கொஞ்ச நேரத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வந்தது. சரி செய்துகொண்டிருக்கிறாராம். இனிமேல் லைப்ரரியை வெளியிடும் முன் ஒவ்வொரு தடவையும் இந்த எழுத்தை வைத்துச் சோதிப்பாராம்.

வெயில் இறங்கின நேரத்தில் கரண்டு வந்தது. ட்யூப் லைட் மினுக்கியது. பெண்ணின் அப்பா, "வந்துருச்சு, போடுங்க" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்தார். முதலாளி எழுந்து கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். நான் பட்டனை அழுத்தினேன். அந்த மெஷின் மெதுவாக விழித்து எழுந்தது.

ஃபோல்டரைத் திறந்தேன். நிச்சயம், நலங்கு, ஊர்வலம், பந்தி, எல்லாம் இருந்தது. கார்டிலிருந்து வந்த எண்ணிக்கையோடு பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். "இருக்குண்ணே. எல்லாமே இருக்கு" என்றேன்.

"என்ன இருக்கு?" என்றார் பெண்ணின் அப்பா.

"கரண்டு" என்று சொல்லிக்கொண்டே முதலாளி உள்ளே வந்தார்.

தாலி கட்டுவதைப் போட்டேன். பெண்ணின் அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். நான் காப்பியையும் ஓடவிட்டுக்கொண்டே அவருக்குப் போட்டுக்கொடுத்தேன்.

"ஏம்ப்பா" என்றார் கடைசியில். "பொண்ணு இருக்கு, மாப்பிள்ளை இருக்காரு, ஐயரு இருக்காரு. நாதஸ்வரக்காரர்கூட இருக்காரு. என்னைய எங்க காணோம்?"

தேடினேன். தாலி கட்டும் நேரத்தில் அவர் பெண்ணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறார். துண்டை எடுத்து முகத்தில் வைத்திருந்ததால் அவர் என்றே தெரியவில்லை. அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன்.

"இதத்தான் அனுப்புங்க" என்றார். "ஸ்டேட்டஸ்ல வைக்க வேணாம். எனக்கு மட்டும்."

அவர் போனுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வந்ததா என்று அவர் போனை வாங்கி நானே திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

எழுதியது ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை.